தாய்மாமன் முதுகு

சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்த சண்முகம், டாக்டர் "அடடா" என்றதும் திடுக்கிட்டான்.

முதுகில் நாலு இடம் பணியாரம் போல உப்பியிருந்தது.

"ஏம்ப்பா, நான் இன்னும் ஒண்ணுமே வைக்கலையே!" என்றார் டாக்டர் பாலசுப்பிரமணியம்.

அக்கா மகள் நீலாவதிக்கு நாலு வயது. எதையோ தின்றால் உடம்பெல்லாம் தடித்துவிடுகிறது. போன மாதம் மூச்சே இழுத்தது. எதைத் தின்று என்றுதான் தெரியவில்லை.

அந்தச் சின்ன உடம்பில் குத்திக் குத்திப் பார்க்க முடியாது என்று டாக்டர் வேறு வழி சொன்னார். குழந்தையின் ரத்தத்தைத் தெளிய வைத்து, மேலே நிற்கும் நீரை இன்னொருவர் தோலில் நாலு இடத்தில் ஏற்ற வேண்டும். மறுநாள் அந்த இடங்களில் மீன், இறால், முட்டை, பால் என்று ஒவ்வொன்றின் சாற்றையும் குத்த வேண்டும். எது வீங்குகிறதோ அதுதான் குழந்தைக்கு ஆகாதது.

யார் தோல் என்ற பேச்சு வருவதற்குள் சண்முகம் பனியனை உருவிவிட்டான். காது குத்த மடி கொடுத்தவன் இதற்கு முதுகு கொடுக்க மாட்டானா? இது மாமன் உரிமை, 'மாமா கா ஹக்' என்று பக்கத்து வீட்டுப் பெங்காலிக்கும் இந்தியில் புரிய வைத்தான். அவர்கள் குடியிருந்த தீவில், மரைன் ஹில் மேடு முழுக்க அவன் முதுகுதான் பேச்சு.

விஷயம் தெரியும்வரை வீட்டில் மீன் கூடாது என்று அக்கா இந்திராணி உத்தரவு போட்டிருந்தாள். சுற்றிலும் கடல், தட்டில் உருளைக்கிழங்கு. அதையும் அவன் மருமகளுக்காகப் பொறுத்துக்கொண்டான்.

இப்போது, சாறு வைக்கும் முன்பே, நேற்று நீர் ஏற்றிய நாலு இடமும் வீங்கி நிற்கின்றன.

வெறும் வயிற்றில்தானே வந்தாய் என்று டாக்டர் கேட்டார்.

"பச்சைத் தண்ணி பல்லுல படல சார்."

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். ஏற்றிய நீர் கெட்டிருக்கும், குழந்தையிடம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியதுதான் என்று ஊசியைக் கொதிக்க வைக்க ஸ்டவ்வைப் பற்ற வைத்தார்.

ஸ்டவ் இரைந்ததும் நீலாவதிக்கு விளங்கிவிட்டது. அம்மா இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, மாமன் காலைக் கட்டிக்கொண்டு அலறினாள். போன தடவை குத்திய இடத்தில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது.

சண்முகத்துக்குத் தாங்கவில்லை. மானம் போனால் போகட்டும்.

"கடலைமிட்டாய் சார். ரெண்டே ரெண்டு. காலையில."

கோவில்பட்டியிலிருந்து கப்பலில் வந்த டின். இந்திராணி முறைத்த முறைப்பில் அவன் சட்டையைத் தேடினான்.

டாக்டரோ மேஜையைத் தட்டிச் சிரித்தார். அவன் தின்ற கடலை ரத்தத்தில் கலந்து முதுகுவரை போய், குழந்தையின் நீர் ஏற்றிய இடத்தையெல்லாம் வீங்க வைத்திருக்கிறது. குழந்தைக்கு ஆகாதது கடலைதான். இனி ஒரு கடலைகூட அவள் வாயில் படக் கூடாது.

சண்முகத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. திருட்டுத் தீனியாக இருந்தால் என்ன, கண்டுபிடித்தது அவன் முதுகுதானே!

"அது எப்படி சார்?" என்றாள் இந்திராணி. "இனிப்பு தின்னா இவளுக்கு இருமல் வரும்னு அந்த டின்ன அலமாரி உச்சியில வெச்சிருக்கேன். இவ கண்ணுலகூடக் காட்டினதில்ல."

சண்முகம் அவசரமாகச் சட்டையை மாட்டினான். மூச்சு இழுத்த அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடி வந்தவன் அவன்தான்.

நீலாவதி அழுகையை நிறுத்தி, மாமனை அண்ணாந்து பார்த்தாள்.

"நீ எனக்குத் தர்றத நான் சொல்லவே இல்ல, மாமா."