வைப்பருக்குக் கிடைத்த பாராட்டு

குளிரிலும் மழையிலும் ஒரு கார் மலையேறிக்கொண்டிருந்தது. முன் கண்ணாடி மங்கிப்போனது. வளைவு தெரியாமல் வண்டி பள்ளத்தில் விழுந்தால் பழி தன்மேல்தான் என்று பயந்து, வைப்பர் உயிரைக் கொடுத்துத் தேய்த்தது. மங்கல் போகவேயில்லை.

“அக்கா, உம்மேல என்னதான் ஒட்டியிருக்கு?” என்று கண்ணாடியிடம் அழாத குறையாகக் கேட்டது.

“மங்கல் உள்பக்கம்டா. கதவை அடைச்சுக்கிட்டு எல்லாரும் மூச்சு விடறாங்க, அந்த ஈரம். நீ வெளியே கிடந்து குதிக்கிறே.”

அதற்குள் ஓட்டுகிறவரின் மனைவி முந்தானையால் உள்ளே துடைத்துவிட்டாள். பாதை பளிச்சென்று தெரிந்தது.

“வைப்பர் நல்லா வேலை செய்யுதே!” என்றார் கணவர்.

வைப்பருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“உண்மையைச் சொல்லேண்டா,” என்றது கண்ணாடி.

“கேட்டா சொல்லிடறேன் அக்கா,” என்று வைப்பர் இன்னும் வேகமாகத் தேய்த்தது.