ஆறாவது சுருள்

"இது பிள்ளை தூங்குற அறையா, பொணம் வைக்கிற அறையா கண்ணு?"

மாமியார் மாவிஸ் வாசற்படியிலேயே நின்று கேட்டாள். கையில் தேநீர்க் கோப்பை. உள்ளே கால் வைத்தால் தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல ஒரு நிற்பு.

மருமகள் பிரயோனி, எட்டு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, புருஷன் கிரெக் ஒட்டிய வால்பேப்பரின் ஓரத்தை மறு கையால் துணி வைத்து நீவிக்கொண்டிருந்தாள். கன்னங்கரேல் என்ற தாளில் உள்ளங்கை அகலத்துக்கு ரோஜாப் பூக்கள். சில ரத்தச் சிவப்பு, சில பழுப்பேறிய வெள்ளை. நடுநடுவே கரும்பச்சை இலைகள். மூன்று சுவர்கள் முடிந்திருந்தன. ஹாலிஃபாக்ஸ் ஊர் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு குழந்தை அறை கிடைக்காது என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஸ்கேனில் பெண் குழந்தை என்று தெரிந்ததிலிருந்தே மாவிஸ் சும்மா இருக்கவில்லை. வாரம் தவறாமல் ரோஸ் நிறத்தில் எதையாவது தூக்கிக்கொண்டு வந்தாள். முயல் விளக்கு வந்தது. சுருக்கம் வைத்துத் தைத்த திரைச்சீலை வந்தது. பிரயோனி எல்லாவற்றையும் சிரித்த முகமாக வாங்கிக்கொள்வாள். மாமியாரின் கார் தெருமுனை திரும்பியதும் பையில் போட்டுக் கடைத்தெருவில் உள்ள தர்மக்கடையில் கொடுத்துவிடுவாள். ஊரில் வேண்டாத பொருள்கள் எல்லாம் அங்கேதான் போகும். வேண்டியவர்கள் மலிவாக வாங்கிக்கொள்வார்கள், அந்தக் காசு நோயாளிகளுக்குப் போய்ச் சேரும்.

திரைச்சீலையைக் கொடுக்கப் போன அன்றுதான், கடை மேசைக்கு அடியில் இந்த வால்பேப்பர் சுருள்களைப் பார்த்தாள். ஐம்பது வருஷத்துப் பழசு, உறைகூடப் பிரிக்காதது. பிரித்துப் பார்த்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் மகளுக்கென்று அவள் மனசுக்குள் வரைந்து வைத்திருந்த அறை அப்படியே அந்தத் தாளில் இருந்தது. ஐந்து சுருள்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

மாவிஸ் அன்றைக்கே எட்டிப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். அஞ்சு பத்தாது, இந்த அறைக்கு ஆறு வேணும் என்றாள். சொல்லமாட்டாளா பின்னே? அவள் வாழ்க்கைப்பட்டு வந்து, கிரெக்கைப் பெற்று வளர்த்த வீடுதானே இது.

அவள் வாக்கே பலித்துவிட்டது. நான்காவது சுவரில், தொட்டில் வரப்போகும் இடத்துக்கு நேர் மேலே, ஒரு பட்டை மட்டும் மொட்டையாக நின்றது. கிரெக் தேடாத இடமில்லை. அந்தத் தாளைப் போட்ட கம்பெனியையே எப்போதோ மூடிவிட்டார்களாம். அதே பூ எங்கேயாவது கிடைத்தாலும், அதே அச்சில் வந்த சுருளாக இல்லாவிட்டால் நிறம் ஒட்டாது.

"அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டீங்க?" என்றாள் மாவிஸ். "எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு ரோஸ் பெயின்ட் அடிங்க. பொம்பளப் பிள்ளைக்கு அதான் லட்சணம்."

பிரயோனி மெல்லத் திரும்பினாள்.

"மாவிஸ், இது என் பொண்ணோட அறை. அந்த இடம் மொட்டையா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ஒரு பூவைக்கூடக் கிழிக்க விடமாட்டேன்."

"நான் கெஞ்சிக் கேட்டாலும்?"

"நீங்க அழுதாலும்."

சொல்லும்போது குரல் நடுங்கியது. ஆனாலும் அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. கிரெக் பசைத் தூரிகையைப் பிடித்தபடி கூரையில் எதையோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான்.

மாவிஸ் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். கோப்பையை ஜன்னல் திட்டில் வைத்தாள். காரில் ஒன்று கிடக்கிறது, எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

"பெயின்ட் டப்பா மட்டும் வரட்டும், தோட்டத்துல கொட்டிடறேன்," என்றாள் பிரயோனி.

"என் செடி மேல கொட்டிடாதே," என்றான் கிரெக்.

வந்தது டப்பா இல்லை. பழுப்புக் காகிதம் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. மாவிஸ் அதை மருமகள் கையில் திணித்தாள். பிரயோனி காகிதத்தைப் பிரித்தாள். உள்ளே அதே கறுப்பு, அதே ரோஜா. ஓரத்தில் அதே அச்சு எண். நம்ப முடியாமல் சுருளை மொட்டைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். பக்கத்துத் தாளில் பாதியாக நின்ற பூ, பிசிறில்லாமல் முழுப் பூவானது.

கிரெக் வாயைப் பிளந்தான். மாவிஸ் முதல் தடவையாக அறைக்குள் வந்தாள். சுவரை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினாள்.

"பொணம் வைக்கிற அறையான்னு என் மாமியாரும் இதே வாசல்ல நின்னுதான் கேட்டாங்க. நான் பயந்துபோய், ஆசையா வாங்கின ஆறு சுருளையும் பரண்ல ஏத்திட்டேன். நீயும் பயந்துக்கறியான்னு பார்த்தேன், நீ ஜெயிச்சுட்டே கண்ணு. ஆறையும் ஒரேயடியா விட்டுக்குடுக்க மட்டும் மனசு வரல."

பிரயோனி சுருளை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அப்போ அந்த அஞ்சு சுருளும்..."

"என் முயல் விளக்கைக் கடை ஜன்னல்ல பார்த்தேன்," என்றாள் மாவிஸ், ஆறிப்போன தேநீரை எடுத்தபடி. "நான் எது குடுத்தாலும் நீ அந்தக் கடையிலதானே கொண்டுபோய்க் குடுக்கறே, அதான் இந்தத் தடவை நானே அங்க குடுத்துட்டேன்."