மூன்று தங்க வாத்தியங்கள்

"அம்மா, வயலினை இன்னும் கொஞ்சம் கீழ இறக்குங்க" என்றாள் டிலுக்ஷி.

சிசிலி ஆணியைப் பிடுங்கி மாற்றி அடித்தாள். வயலின், யாழ், ஊதுகொம்பு என்று மூன்று சுவர்த் தகடுகள். தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் எப்போதோ கழித்துப் போட்டவை. தங்க நிறம் இன்னும் மங்கவில்லை. உடப்புசல்லாவையிலிருந்து மாப்பிள்ளையின் தாய் கேத்ரின் இன்று பெண் பார்க்க வருகிறாள்.

"மாதாவே, இந்த இடம் அமையணும். அடுத்த மழைக்குள்ள இவ இந்த வீட்ட விட்டுப் போயிடணும்" என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள் சிசிலி.

வந்த கேத்ரின், கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் சுவரையே பார்த்தாள்.

"வீட்டுல யாருங்க வயலின் வாசிக்கிறது?"

"யாருமில்லங்க. சும்மா அழகுக்கு."

"அழகுக்குன்னா வரிசையா மாட்டுவாங்க. இது கூரையில இருந்து கதவு வரைக்கும் சரிஞ்சு இறங்குதே."

எழுந்துபோய் யாழை விலக்கினாள். அதன் பின்னால், விரல் நுழையும் அகலத்துக்குச் சுவர் பிளந்திருந்தது.

சிசிலி எழுந்து அவள் பக்கத்தில் வந்தாள்.

"போன மண்சரிவுல வெடிச்சதுங்க. மறைச்சது தப்புதான். இவளாவது உங்க வீட்டுல பயமில்லாமத் தூங்கட்டும்னுதான்..."

பிளவு மறையும்படி யாழைத் திரும்ப இழுத்துவிட்டாள் கேத்ரின்.

"எங்க வீட்டுச் சுவருலயும் காலண்டரும் மாதா படமுமா ஏழு, இப்படித்தான் சரிஞ்சு தொங்குதுங்க. கல்யாணம் முடிஞ்சதும் மவன் இங்கயே இருக்கட்டுமான்னு கேக்கத்தான் வந்தேன்."