புகாரில் வந்த வரி

கணினியில் நடப்பதையெல்லாம் பதிந்துவைக்கும் நிரல் ஒன்றை மணிமொழி நெய்வேலி வீட்டிலிருந்தே எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இணையத்தில் விட்டிருந்தாள். போலந்துக்காரர் ஒருவர் புகார் அனுப்பினார்: “எங்கள் பதிவில் தினமும் புரியாத எழுத்தில் ஒரு வரி வருகிறது. நிறுத்தாவிட்டால் உங்கள் நிரலைத் தூக்கிவிடுவோம்.”

வரியைப் பார்த்தாள். “மணி, கதவத் தொற.”

ஷிப்ட் முடிந்து வரும்போது அப்பா சொல்வது. அவர் செத்துத் தலைதிவசமும் முடிந்துவிட்டது. நிரலில் எங்கு தேடியும் அந்த வரி இல்லை.

எழுந்துபோய்க் கதவைத் திறந்துவைத்தாள்.

“ஏன்டி தொறந்து போட்டுகினு உக்காந்திருக்க? கரித்தூளு வூடெல்லாம் வருது பாரு,” என்றாள் அம்மா.

“வரட்டும்மா.”

மறுநாள் போலந்துக்காரர் எழுதியிருந்தார்: “வரி நின்றுவிட்டது, நன்றி. எதை மாற்றினீர்கள்?”