ஐயாயிரம் வாட்

"ஐயாயிரம் வாட்! இதை இன்னைக்கே என் வண்டியில மாட்டித் தரணும்" என்று பெட்டியை மேஜைமேல் வைத்தார் எவாரிஸ்டோ.

ஒஃபெலியா பெட்டியைப் பிரித்து ஆம்ப்ளிஃபயரை வெளியே எடுத்தாள். சான் அன்டோனியோவின் மேற்குப் பக்கத்தில், கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடை அவளுடையது. மேல்மூடித் தகட்டில் தங்க எழுத்தில் 5000 என்று மின்னிய அந்தச் சாமானைக் கையில் தூக்கிப் பார்த்தவள், சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"எங்க வாங்குனீங்கண்ணே?"

"ஞாயித்துக்கிழமைச் சந்தையில. ஏன்?"

"சும்மாதான். பின்னாடி ஃபியூஸ் இருக்கு பாருங்க, அதுல என்ன போட்டிருக்குன்னு படிங்க."

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தார். "முப்பது ஆம்பியர்."

"வண்டி குடுக்கிறது பதினாலு வோல்ட். பெருக்குங்க."

"நானூத்து இருபது."

"உள்ள போறதே அவ்வளவுதான். சூடாப் போனது போக, முந்நூறு வாட் வெளியில வந்தா உங்க அதிர்ஷ்டம். ஐயாயிரம் எங்கிருந்துண்ணே வரும்?"

எவாரிஸ்டோவின் முகம் சிவந்தது. யாரிடம் வந்து அளவில் விளையாடுவது! பெட்ரோல் பங்க்குகளில் அளவு சோதித்து முத்திரை ஒட்டும் அதிகாரி அவர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவர் வண்டி தூரத்தில் வந்தாலே பங்க்காரர்களுக்குத் தின்ற டாக்கோ தொண்டையில் நிற்கும்.

"ஒரு காலனுக்கு நாலு ஸ்பூன் குறைஞ்சாலே பம்பைப் பூட்டிருவேன், தெரியுமாம்மா? பொய் அளவு எழுதுறவன் திருடனைவிட மோசம். திருடனாவது ஒளிஞ்சு வர்றான். இவன் தங்க எழுத்துல எழுதியில்ல விக்கிறான்!"

"சரி, ஆத்திரப்படாதீங்க. அவ்வளவு வாட் உங்களுக்கு எதுக்கு?"

எவாரிஸ்டோவின் குரல் இறங்கிவிட்டது.

"என் மச்சினன் லியாண்ட்ரோ இருக்கானே..."

ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பமே பூங்காவில் கூடும். கறி சுட்டுச் சாப்பிட்டு முடித்ததும், ஆண்கள் வரிசையாக டிக்கியைத் திறந்து வைத்துப் பாட்டைப் போட்டு, யார் வண்டி அதிகம் அதிர்கிறது என்று பார்ப்பார்கள். லியாண்ட்ரோவின் டிக்கியில் 4000 என்று எழுதியிருக்கும். எட்டு மாதமாக அதன் பக்கத்தில் சாய்ந்து நின்றுதான் அவன் பேசுவதே.

"போன வாரம் எல்லார் முன்னாடியும் கேக்கறான், 'அத்தான், உங்க டிக்கிக்குள்ள கொசு ஏதும் மாட்டிக்கிச்சா'ன்னு."

ஊரார் சிரித்தது பெரிதில்லை. கிராசியேலாவும் சிரித்தாள். கட்டிய மனைவி! அந்தப் புண் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

ஒஃபெலியா அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தாள். மினுக்கு எதுவும் இல்லாத கறுப்புப் பெட்டி.

"இது அறுநூறு வாட். உங்க டிக்கியில இருக்கிற சப்வூஃபர் ஸ்பீக்கர் தாங்குறதும் அவ்வளவுதான். அளந்து பாத்த சீட்டு உள்ளயே இருக்கு."

சீட்டை எடுத்துப் படித்த எவாரிஸ்டோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அறுநூத்துப் பன்னிரண்டு! சொன்னதைவிடப் பன்னிரண்டு கூடவே குடுத்திருக்கான். இவன்தாம்மா மனுஷன்! மாட்டும்மா இதையே."

பேட்டரியிலிருந்து டிக்கி வரை கட்டைவிரல் கனத்துக்கு ஒயரை இழுத்தாள் ஒஃபெலியா. எர்த் கொடுக்க டிக்கிக்குள் ஓரிடத்தில் பெயின்ட்டைச் சுரண்டியபோது அவர் பதறினார்.

"ஐயையோ, பெயின்ட்டு!"

"பெயின்ட்டுல கரன்ட் ஓடாதுண்ணே. இரும்பு தெரியணும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மாட்டி முடித்துப் பாட்டைப் போட்டாள். கண்ணாடி நடுங்கியது, நம்பர் பிளேட் தாளம் போட்டது, எவாரிஸ்டோவின் தொப்பையும் சேர்ந்து ஆடியது. வாய் கொள்ளாத சிரிப்பு அவருக்கு.

ஆனாலும் கிளம்பவில்லை. டிக்கியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"ஏம்மா... அந்தச் சந்தைச் சாமான்ல ஐயாயிரம்னு ஒரு தகடு இருக்கே, அது தனியாக் கழண்டு வருமா?"

"எதுக்கு?"

"இதுமேல ஒட்டிக்கலாம்னு... சும்மா ஒரு அழகுக்கு."

ஒஃபெலியா ஆச்சரியப்படவே இல்லை. மேஜை டிராயரை இழுத்தாள். உள்ளே தங்கமும் வெள்ளியுமாகத் தகடுகள்.

"தூக்கிப்போட்ட சாமான்ல இருந்து கழட்டி வச்சது. ரெண்டாயிரம், மூவாயிரம், எட்டாயிரம், எல்லாம் இருக்கு. கடைக்கு வர்ற ஆம்பளைங்க நியாயமெல்லாம் பேசிட்டுக் கடைசியில இதைத்தான் கேப்பாங்க. நாலாயிரம் மட்டும் தீந்துபோச்சு. லியாண்ட்ரோன்னு சொன்னீங்களே, அவரும் நம்ம கஸ்டமர்தான். எட்டு மாசம் முன்னாடி கடைசித் தகடை அவர்தான் ஒட்டிக்கிட்டுப் போனாரு. உள்ள இருக்கிறது இருநூத்தம்பது."

எவாரிஸ்டோ துள்ளிக் குதித்தார்.

"அடப்பாவி! இருநூத்தம்பதை வச்சுக்கிட்டா இந்த ஆட்டம்? குடும்பத்தையே ஏமாத்தியிருக்கானே! மோசக்காரன்! இவனை மாதிரி ஆளுங்களைப் பூட்டி முத்திரை வைக்கணும்!"

"விடுங்கண்ணே. உங்களுது நெசமாவே அவரைவிட ரெண்டு பங்குக்கு மேல. ஞாயித்துக்கிழமை பாட்டைப் போட்டாலே எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். உங்களுக்குத் தகடே வேணாம்" என்று டிராயரை மூடப் போனாள்.

"இரும்மா, மூடாதே. அந்த எட்டாயிரத்தை எடு." எவாரிஸ்டோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "நேரா ஒட்டணும், ஒரு நூல்கூடக் கோணக் கூடாது. அளவு விஷயத்துல நான் ரொம்பக் கறார்."