மண் சலிக்கும் மீன்

கோவில்பட்டி வெயில் கடை வாசலோடு நின்றுவிட, உள்ளே கண்ணாடித் தொட்டிகளின் நீல வெளிச்சம் ராதாமணியின் முகத்தில் அலைகிறது. காற்று மோட்டார்கள் ஓயாமல் குமிழி விடுகின்றன. போன மாதம் இங்கே வாங்கிப்போன மீன் அவள் வீட்டுத் தொட்டியில் பாதிப் பவளத்தைக் கொறித்துத் தீர்த்துவிட்டது. அதை எடுத்தாயிற்று; இனி வாங்கும் மீனிடமிருந்து மிச்சத்தையாவது காப்பாற்றியாக வேண்டும். கடைக்காரர் பீர் முகம்மது மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மீனைக் காட்டுகிறார். "இதப் பாரும்மா, தங்கமா மின்னுது." அவள் நிறத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்க்கிறாள். நீண்டு கூர்ந்த அந்த வாய் கல்லில் ஒட்டியதை நுனி நுனியாகக் கிள்ளுகிறது. ஆடு மேய்த்து வளர்ந்தவளுக்கு அந்தக் கிள்ளல் தெரியும். பருத்திக் கொழுந்தில் பார்த்தது. "இது வெள்ளாட்டு வாயால்லா இருக்கு, அண்ணாச்சி. வேண்டாம்." மூலைத் தொட்டியின் அடியில் சாம்பல் நிறச் சின்ன மீன் ஒன்று வாய் நிறைய மணலை அள்ளிச் சலித்து, செவுள் வழியே உதிர்க்கிறது. பக்கத்திலேயே இருக்கும் பவளத்தை அது தொடவே இல்லை. அவள் வெகுநேரம் குனிந்து நிற்கிறாள். கழுத்தில் வியர்வை வழிகிறது. பிறகு விரலால் கண்ணாடியைத் தட்டுகிறாள். "இதப் பிடிச்சுத் தாங்க." "இந்த மண்ணுப் பயலயா? வீட்டுக்கு வாரவிய இதுல என்னத்தம்மா பாக்கப் போறாவ?" "அவிய பவளத்தப் பாக்கட்டும், அண்ணாச்சி."