பேரம் படிந்த நோய்

விருதுநகர் ஆஸ்பத்திரியில் அன்று ஒரு வருட ஆயுள் நாலு லட்ச ரூபாய். மிளகாய் வற்றல் மண்டி வன்னியராஜன் விலையைக் கேட்டதுமே எழுந்து போகிற மாதிரி பாவனை காட்டினார். பக்கத்தில் இருந்த மனைவி செல்லக்கனி சேலைத் தலைப்புக்குள் சிரித்தாள்.

“அண்ணாச்சி, அக்காவுக்கு வந்திருக்கிற ரத்தப் புற்றுநோயில ரெண்டு வகை ஒட்டிக் கிடக்கு,” என்றாள் கவுண்டர்ப் பெண். “எலும்பு மஜ்ஜை இறுகுற வகைன்னு எழுதினா கடுமையான மருந்து. பத்து வருஷத்துக்கு உத்தரவாதம், வருஷம் நாலு லட்சம். ரத்தத் தட்டணு கூடுற வகைன்னா சாதுவான நோய். இருபது வருஷம், வருஷத்துக்கு ஒரு லட்சம்தான். அக்காவுக்கு எதுன்னு மெஷினால பிரிக்க முடியலை. பேரை நீங்கதான் சொல்லணும்.”

“இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? இருபதையே போடு. ஒரு லட்சத்தை முக்கால் ஆக்கு.”

பேரம் படிந்தது. “நோயைக்கூட மொத்த விலைக்கு வாங்கின ஒரே ஆள் நீங்கதாங்க,” என்று வீடு வரை கிண்டலடித்தாள் செல்லக்கனி.

நாலாம் வருடம் அவளுக்கு மண்ணீரல் வீங்கி, ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. மஜ்ஜை இறுகியிருந்தது. “என்ன விலைன்னாலும் அந்த மருந்தையே கொடும்மா,” என்று வன்னியராஜன் கவுண்டரில் நின்று கதறினார். வாழ்க்கையில் முதல்முறையாக விலை கேட்கவில்லை.

“அதை ஆரம்பத்துலயே கொடுத்திருக்கணும், அண்ணாச்சி.”

படுக்கையில் செல்லக்கனி கேட்டாள்: “எனக்கு இன்னும் எத்தனை வருஷம் பாக்கிங்க?”

“பதினாறு.”

“நல்லாத்தான் பேசி முடிச்சிருக்கீங்க,” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் போய்விட்டாள். இருபதில் நாலு போக, பதினாறு வருடம் இன்னும் அவருக்கு வரவேண்டியிருக்கிறது.